மாற்றுத்திறனாளிக்குச் சம்பள வேலை: யாழ்ப்பாணத்தில் தேடிக்கொடுப்பவர்களுக்கான வழிகாட்டி

வடக்கில் மாற்றுத்திறனாளி ஒருவருக்கு வாழ்வாதார உதவி என்றால் பெரும்பாலும் கோழிக்கூடு, ஆடு, தையல் மெஷின், அதுவும் இல்லாவிட்டால் வீட்டு வாசலில் ஒரு பெட்டிக்கடை. வியாபாரத்தில் கை தேர்ந்தவருக்கு அது சரி. விருப்பமில்லாதவர் தலையிலும் அதையே கட்டினால் கோழி கறியாகும், மெஷின் சீலை மூடிக் கிடக்கும். மாதம் முடியச் சம்பளம், ஊழியர் சேமலாப நிதி, மத்தியானம் கூட இருந்து சாப்பிட நாலு பேர் என்று மற்றவர்கள் பார்க்கிற வேலையை இவருக்கும் எடுத்துக் கொடுப்பது எப்படி என்பதே இங்கே பேச்சு. சமூக சேவை உத்தியோகத்தர், தொண்டு நிறுவனக் களப்பணியாளர், வீட்டார் யாரும் இதைச் செய்யலாம்.

வழமையான ஒழுங்கு, முதலில் பயிற்சி, பிறகு வேலை. ஆறு மாதப் பாடநெறி, சான்றிதழ், படம் எடுத்தல், அதோடு முடிந்தது. பயிற்சி நிலையத்தில் பழகியதை வேறோர் இடத்துக்குக் கொண்டுபோய்ச் செய்வது, அறிவுசார் குறைபாடு உள்ளவருக்குக் குறிப்பாகக் கடினம். அதனால் 1980களில் அமெரிக்காவில் ஒழுங்கையே திருப்பிப் போட்டார்கள்: முதலில் வேலையில் அமர்த்து, பிறகு அந்த வேலையை அந்த மேசையிலேயே பழக்கு, பழகியபின்னும் விட்டுவிடாதே. கீழே சொல்லப்படுவது அந்த முறைதான், யாழ்ப்பாணத்துக் கடைக்கும் மில்லுக்கும் அலுவலகத்துக்கும் ஏற்றபடி.

முதலில் ஆளை அறிதல்

வைத்தியச் சான்றிதழை வைத்துக்கொண்டு வேலை தேடாதீர்கள். அதில் என்ன ஏலாது என்பது இருக்கும். என்ன ஏலும் என்பதை அவர் வீட்டுக்குப் போய்த்தான் அறியலாம். ஒரு தடவை காலையில் போங்கள், இன்னொரு தடவை பின்னேரம். எத்தனை மணிக்கு எழும்புகிறார், குளித்து உடுத்த எவ்வளவு நேரம், அதில் யார் உதவி, எந்த மருந்து எப்போது, எவ்வளவு நேரம் இருக்கலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம், காசு எண்ணத் தெரியுமா, மணிக்கூடு பார்க்கத் தெரியுமா, தொலைபேசியில் எதுவரை செய்கிறார். “எனக்கு எந்த வேலையும் சரி” என்று அவர் சொன்னால் அதை விருப்பம் என்று எழுதாதீர்கள். வேலைகளைப் பார்த்திராதவர் வேறு எப்படிச் சொல்வார்? இரண்டு மூன்று இடங்களுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். அச்சகம், பலசரக்கு மொத்த விற்பனைக் கடை, அலுவலக வரவேற்பு மேசை, பேக்கரி. ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம் போதும். எங்கே முகம் மாறுகிறது, எங்கே கேள்வி கேட்கிறார் என்று கவனியுங்கள்.

வேலை பார்க்கப் போகிறவர் அவர்தான், அதனால் அவரோடு தனியாகக் கதைக்க ஒரு நேரம் வேண்டும். அதே சமயம் வீட்டாரை ஒதுக்கினால் அலுவல் நடவாது. “பிள்ளையை ஆரும் ஏசினால்?” என்ற தாயின் பயம் தீராமல் விட்டால், முதல் மழைநாளில் அவரே மறித்துவிடுவார். போக்குவரத்து, கழிப்பறை, யாரிடம் முறையிடுவது என்ற மூன்றுக்கும் பதிலோடு போனால் தாய் உங்கள் பக்கம்.

பயணச் செலவை முதல் சந்திப்பிலேயே கணக்குப் போடுங்கள். 30,000 ரூபா சம்பளத்தில் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழிந்தால் கையில் 27,600. சக்கர நாற்காலிக்காரர் பஸ்ஸில் ஏற முடியாமல் போக வர ஓட்டோவுக்கு நாளுக்கு 400 கொடுத்தால், 25 நாளுக்கு 10,000. மீதி 17,600. மாற்றுத்திறனாளிக்கான 10,000 ரூபா மாதக் கொடுப்பனவும் நின்றுபோனால், வேலைக்குப் போவதால் வீட்டுக்கு வரும் மிச்சம் 7,600 தான். இந்தக் கணக்கை நீங்கள் போடாவிட்டாலும் வீட்டார் போடுவார்கள், உங்களுக்குச் சொல்லாமல். ஆகவே வேலைக்கு ஒத்துக்கொள்ள முன்னரே பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரிடம் போய், இந்தக் குடும்பத்துக்கு இந்தச் சம்பளம் வந்தால் கொடுப்பனவுக்கு என்ன நடக்கும் என்று பெயர், தொகையோடு கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். இயலுமானவரை சைக்கிளில், கையால் ஓட்டும் மூன்று சில்லு வண்டியில், அல்லது ஒரே பஸ்ஸில் போகக்கூடிய தூரத்துக்குள் வேலை தேடுங்கள். பஸ் மாறி ஏறும் வேலையில் ஒரு பஸ் தவறினாலே அந்த நாள் பிந்திப்போகும்.

கடதாசி அலுவல்கள்

தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கிராம அலுவலர் சான்று, வங்கிக் கணக்கு. வளர்ந்த பிள்ளைக்கும் தாயின் பெயரில் மட்டும் கணக்கு இருக்கும் வீடுகள் உண்டு. சம்பளம் அவர் பெயரிலான கணக்குக்கே போக வேண்டும் என்பதால் அதை முதலில் திறந்து வையுங்கள். கையெழுத்து வைக்க ஏலாதவர் பெருவிரல் அடையாளத்தில் திறக்கலாம். வங்கியில் இழுத்தடித்தால் முகாமையாளரை நேரே பாருங்கள்.

அனுபவம் இருந்தும் சான்றிதழ் இல்லாதவருக்கு, முன்பு கற்றதை மதிப்பிட்டு தேசிய தொழில் தகைமை வழங்கும் வழி இருக்கிறது. வீட்டில் பத்து வருடம் ரேடியோ திருத்தியவர், மரவேலை செய்தவர், சமைத்தவர் மறுபடி பாடநெறிக்குப் போய் இருக்கத் தேவையில்லை. செய்துகாட்டினால் போதும். தேசிய பயிலுநர் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையிலோ தொழிற்பயிற்சி அதிகார சபையிலோ விசாரியுங்கள். கச்சேரியில் இயங்கும் மனிதவலு வேலைவாய்ப்புத் திணைக்களப் பிரிவில் பெயரைப் பதிவு செய்வதும் நல்லது. பதிந்துவிட்டுக் காத்திருப்பதுதான் கூடாது.

முதலாளியிடம் போவது

பத்திரிகை விளம்பரத்தில் வரும் வேலைகள் எல்லாவற்றையும் ஒருவரே செய்ய வேண்டிய வேலைகள்: “விற்பனையாளர் தேவை, மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும்.” அங்கே போட்டி போட்டால் தோற்பீர்கள். நல்ல வழி, கடைக்குள் ஒரு மணி நேரம் நின்று பார்ப்பது. சம்பளம் கூடிய ஆள் எந்தச் சில்லறை வேலையில் நேரத்தைத் தொலைக்கிறார்? புடவைக் கடையில் பின்னேரம் ஆறு மணிக்குச் சேலைகள் மலையாகக் குவிந்து கிடக்கும், விற்கத் தெரிந்த பெண்பிள்ளைகள் மடித்துக்கொண்டு நிற்பார்கள், வாங்க வந்தவர் பார்த்துவிட்டுப் போய்விடுவார். அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவரே பக்கம் அடுக்கி, கம்பி அடித்துக்கொண்டிருப்பார். மருந்துக் கடையில் திகதி முடிந்த பெட்டிகளைப் பிரிக்க ஒருவருக்கும் நேரமில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் பற்றுச்சீட்டுகள் கோப்பில் ஏறாமல் கட்டுக்கட்டாகக் கிடக்கும். இப்படிச் சிதறிக் கிடப்பவற்றைச் சேர்த்தால் ஒரு ஆளுக்கு முழுநாள் வேலை தேறும். அதைத்தான் முதலாளிக்குக் காட்ட வேண்டும்.

கதைக்கும்போது அனுதாபத்தில் தொடங்க வேண்டாம். “பாவம், போரிலே காலை இழந்தவர், ஏதாவது பார்த்துச் செய்யுங்கோ ஐயா” என்றால், பொக்கெற்றில் இருந்து ஆயிரம் ரூபாவை எடுத்து நீட்டுவார், வேலை தரமாட்டார். தந்தாலும் வாசலில் ஒரு கதிரை போட்டு இருத்தி வைப்பார். “ஆறு மணிக்குப் பிறகு உங்கட ரெண்டு ஆக்கள் மடிக்கிறதிலேயே நிக்கினம். மடிக்க மட்டும் ஒரு ஆள் இருந்தால் அவை விக்கலாம். அப்பிடி ஒரு பிள்ளை இருக்குது, வந்து மடிச்சுக் காட்டட்டும்” என்று தொடங்குங்கள். குறைபாடு பற்றி எவ்வளவு சொல்லலாம் என்று வேலைக்குப் போகிறவரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். மனநலப் பிரச்சினை உள்ளவர் விடயத்தில் நோயின் பெயர் முதலாளிக்குத் தேவையில்லை. “மாதத்தில் ஒரு நாள் கிளினிக் போக வேணும், காலையில் மருந்து மந்தம் இருக்கிறதால் ஒன்பதரைக்கு வருவார்” என்பது போதும்.

முதலாளிகள் கேட்கும் கேள்விகள் அநேகமாக ஒன்றுதான்: விழுந்து கிழுந்தால் யார் பொறுப்பு? மற்ற ஊழியருக்கு எந்தப் பொறுப்போ அதே பொறுப்பு. வேலையில் நேரும் காயத்துக்கு 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது, காப்புறுதி எடுத்திருந்தால் இவர் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். வலிப்பு உள்ளவரைக் கொதி எண்ணெய், ஏணி, வெட்டும் மெஷின் அருகே விடவே வேண்டாம். இதை நீங்களே முந்திக்கொண்டு சொன்னால் முதலாளிக்கு உங்கள் மீது நம்பிக்கை வரும்.

அடுத்தது பரீட்சார்த்த வேலை. இரண்டு வாரம், அதற்கும் சம்பளம், முடியும் திகதி கடதாசியில். திகதி எழுதாத பரீட்சார்த்தம் “இன்னும் கொஞ்சம் பழகட்டும்” என்று வருடக்கணக்கில் இழுபடும், மத்தியானச் சாப்பாடும் பஸ் காசும் மட்டும் கொடுத்து.

வேலைத்தளத்தைத் தயார் செய்வது

பெரிய செலவு எப்போதாவதுதான் வரும். சக்கர நாற்காலிக்காரருக்கு முதல் தடை கானுக்கு மேலே ஏறும் கடைப்படி. சாய்தளம் 1:12 விகிதத்தில் இருக்க வேண்டும்: 15 சென்ரிமீற்றர் உயரப் படிக்கு 1.8 மீற்றர் நீளம், 30 சென்ரிமீற்றருக்கு 3.6 மீற்றர். இடமில்லை என்று மேசன் செங்குத்தாகக் கட்டிக் கொடுத்தால் ஏறும்போது நாற்காலி பின்பக்கம் கவிழும். வாசல் அகலம் 90 சென்ரிமீற்றர், உள்ளே திரும்ப 150 சென்ரிமீற்றர் வெளி. மேசைக்குக் கீழே முழங்கால் போக 70 சென்ரிமீற்றராவது வேண்டும், இலாச்சி இடிக்கும் மேசையென்றால் நாலு காலுக்கும் கட்டை வையுங்கள். கடைசியாகக் கழிப்பறை. பின்வளவில் இரண்டு படி ஏறிப் போகும் கழிப்பறை இருந்தால், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் வேலை நிலைக்காது. அவர் தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார், சிறுநீர்த் தொற்று வரும், காய்ச்சலென்று லீவு எடுப்பார், சோம்பேறி என்று பெயர் வரும். முள்ளந்தண்டில் காயப்பட்டவர் அரை மணிக்கு ஒரு தடவை கைகளை ஊன்றி உடலைத் தூக்கி இறக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண். மேற்பார்வையாளருக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

செயற்கைக்கால் போட்டவருக்குச் சித்திரை, வைகாசி வெயிலில் உறைக்குள் வியர்த்துத் தோல் உரியும். மத்தியானம் கழற்றித் துடைத்துக் காயவிடப் பத்து நிமிடமும் மறைவான இடமும் கேளுங்கள். நாள் முழுக்க நிற்கிற வேலையென்றால் உயரமான ஸ்ரூல். கால் தளர்ந்தாலோ இறுக்கினாலோ யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையம் போன்ற இடத்தில் திருத்தலாம், அந்த நாளை லீவுக் கணக்கில் முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது.

பார்வையற்றவர் கணினியில் வேலை செய்ய என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பு மென்பொருள் இருக்கிறது, தமிழும் வாசிக்கும். யாழ்ப்பாணத்தில் இடறுவது வேறோர் இடத்தில்: பாமினி எழுத்துரு. பல அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் பழைய கோப்புகள் எல்லாம் பாமினியில்தான் இருக்கும். கண்ணுக்கு அது தமிழ், கணினிக்கு அது ஆங்கில எழுத்துக் குவியல். “அம்மா” என்று திரையில் தெரிவதை மென்பொருள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வாசிக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில் இதைக் கண்டுபிடித்தால் ஆள் திறமையில்லாதவர் என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். முதலே போய் நாலு கோப்பைத் திறந்து பாருங்கள். யூனிகோடுக்கு மாற்றும் இலவச மாற்றிகள் உண்டு. புதிய கடிதங்களை எல்லோரும் யூனிகோடில் தட்ட ஒத்துக்கொள்ள வைப்பதுதான் நிரந்தர மருந்து. கமராவில் பிடித்துப் படமாகச் சேமித்த பீடிஎஃப் கோப்பையும் திரைவாசிப்பான் வாசிக்காது.

காது கேளாதவர் என்றால் எழுதிக் காட்டலாம்தானே என்று நினைப்பது வழக்கம். சைகை மொழியில் வளர்ந்தவருக்குத் தமிழ் இரண்டாம் மொழி. நீளமான வசனம் பிடிபடாமல் போகலாம், பிடிபட்டது போல் தலையாட்டவும் செய்வார். “விளங்கியதா?” என்று கேட்காமல் செய்துகாட்டச் சொல்லுங்கள். வட்ஸ்அப்பில் சிறு வசனம், படம், வீடியோ நன்றாக வேலை செய்யும். கூட வேலை செய்யும் இருவருக்கு இருபது முப்பது சைகைகளை அவரே கற்பிக்கட்டும்: எண்கள், சரி, பிழை, நிறுத்து, முடிந்தது, சாப்பாடு. மில்லில் அவருக்குப் பின்னால் வண்டி வரும் பாதை இருந்தால் கண்ணாடி ஒன்று மாட்டுங்கள், அல்லது முகம் வழியைப் பார்க்கும்படி மேசையைத் திருப்பிப் போடுங்கள்.

வேலையைப் பழக்குவது

அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கு இதுதான் உயிர்நாடி, மற்றவர்களுக்கும் உதவும். முதலில் அந்த வேலையை நீங்களே செய்து படிகளாக உடையுங்கள். 100 கிராம் மிளகாய்த்தூள் பைக்கற் போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள்:

1. முகக்கவசம், கையுறை போடுதல்.
2. தராசைப் போட்டு 0 வரும்வரை நிற்றல்.
3. வெறும் பையைத் தட்டில் வைத்து மீண்டும் 0 ஆக்குதல்.
4. கரண்டியால் தூள் இடுதல்.
5. 100 முதல் 102 வரை காட்டினால் நிறுத்துதல்.
6. பையின் வாயை உள்ளும் புறமும் உலர்ந்த துணியால் துடைத்தல்.
7. வாயைச் சூட்டில் உருக்கி ஒட்டும் மெஷினில் நேராக வைத்து அழுத்துதல்.
8. அழுத்தி மூன்று எண்ணி விடுதல்.
9. பையைக் கையால் நசித்துக் காற்றுப் போகிறதா என்று பார்த்தல்.
10. கூடையில் பத்துப் பத்தாக அடுக்குதல்.

பிழைகள் பெரும்பாலும் 5, 6 இரண்டிலும் வரும். இலக்கம் தெரியாதவருக்குத் தராசின் பக்கத்தில் 100, 101, 102 என்று பெரிதாக எழுதிய பச்சை அட்டையை ஒட்டினால் உருவத்தை ஒப்பிட்டுப் பார்ப்பார். அளவுக் கிண்ணம் கொடுப்பதென்றால், அரைத்த பதம் மாறும்போது அதே கிண்ணத்தின் நிறையும் மாறும். ஒவ்வொரு அரைப்புக்கும் ஒரு தடவை நிறுத்துச் சரிபாருங்கள். ஆறாவது படியைத் தாண்டினால் வாயில் ஒட்டிய தூள் உருகலுக்குள் சிக்கி இரண்டு நாளில் பை திறக்கும். கடைக்காரர் திருப்பி அனுப்புவார், பழி புதியவர் தலையில் விழும். நன்றாகப் பழகும்வரை ஒன்பதாவது படியை ஒருவர் கூட நின்று பார்க்கட்டும்.

கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிப் பழக்குங்கள். முதல் நாள் எல்லாம் நீங்கள் செய்து, அடுக்குவதை மட்டும் அவர் செய்வார். பிறகு நசித்துப் பார்த்து அடுக்குவார். இப்படிப் போனால் ஒவ்வொரு தடவையும் அவர் கையில் ஒரு வேலை முடிகிறது. வாய் ஓயாமல் சொல்லிக்கொடுப்பவர்தான் மோசமான பழக்குநர். பேச்சு கூடினால் அவர் வேலையை விட்டு உங்கள் வாயைப் பார்ப்பார். அடுத்த படியில் நின்றால் ஐந்து செக்கன் பொறுங்கள். அசையாவிட்டால் விரலால் காட்டுங்கள், பிறகு செய்துகாட்டுங்கள், கையைப் பிடித்துச் செய்விப்பது கடைசி, அதுவும் அவர் ஒத்துக்கொண்டால். நாள்தோறும் பத்தில் எத்தனை படியை உதவியில்லாமல் செய்தார் என்று குறியுங்கள். ஒன்பதைத் தொட்டு நாலு நாள் நின்றால் நீங்கள் பக்கத்திலிருந்து பின்னால் போங்கள், பிறகு வாசலுக்கு, பிறகு வெளியே. இது ஒரேயடியாக நடந்தால் வேலையும் ஒரேயடியாக நிற்கும். கூடவே அங்குள்ள ஒருவரை இவருக்கான ஆளாக ஆக்குங்கள். முதலாளி நியமிக்கும் மேற்பார்வையாளரைவிட, இவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தரும் பக்கத்து மேசை அக்கா பலமுறை பொருத்தமானவர்.

சம்பளமும் சட்டமும்

தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபா, 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபா. சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதம், முதலாளி 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதம். தகுதிகாண் காலம் என்று சொல்லி இவற்றை நிறுத்தி வைக்க முடியாது, முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். வேகம் குறைவு என்று சம்பளத்தைக் குறைக்கக் கேட்டால், வேலையின் பங்கை மாற்றிப் பாருங்கள், அல்லது அரை நாள் வேலையாக்கி அதற்குரிய நேரக் கணக்கில் பேசுங்கள்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், குறைபாட்டைக் காரணம் காட்டி வேலைக்கு ஆட்சேர்ப்பில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது, மேல் நீதிமன்றம் போகவும் இடமுண்டு. இதை முதல் சந்திப்பில் நீட்டினால் கதவு மூடும், ஆனால் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். அரசாங்க வேலையில் 1988ஆம் ஆண்டின் பொது நிர்வாகச் சுற்றறிக்கை 27/88, தகைமையுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு 3 வீத வெற்றிடங்களை ஒதுக்கச் சொல்கிறது. வெள்ளிக்கிழமை வர்த்தமானியைப் பார்த்து விண்ணப்பிக்கும்போது இந்தச் சுற்றறிக்கை இலக்கத்தை இணைப்புக் கடிதத்தில் குறிப்பிடுங்கள். பரீட்சையில் சொல்லச் சொல்ல விடை எழுதித் தரும் ஆளோ கூடுதல் நேரமோ வேண்டுமென்றால் விண்ணப்பத்தோடே எழுத்தில் கேட்க வேண்டும், மண்டபத்தில் கேட்டால் பிந்திவிடும்.

முதல் மூன்று மாதம்

முதல் வாரம் தினமும் போங்கள். பிறகு வாரம் இரண்டு தடவை, மூன்றாம் மாதத்தில் பதினைந்து நாளுக்கு ஒன்று, அதன்பின் மாதம் ஒரு தொலைபேசி அழைப்பு. வேலை முறிகிற இடங்கள் அநேகமாக முன்கூட்டியே தெரிந்தவை. முதல் சம்பளம் வாங்கிய அடுத்த நாள் வீட்டில் காசுக்காகச் சண்டை வரலாம். நல்லூர்த் திருவிழா, தீபாவளி, பொங்கல் சனத்தில் கடை ஒழுங்கு மாறி, இவரை வேறு வேலைக்கு இழுப்பார்கள். மாரியில் வெள்ளம் நின்றால் மூன்று சில்லு வண்டி ஓடாது. எல்லாவற்றிலும் மோசமானது மேற்பார்வையாளர் மாறுவது: பழையவருக்குத் தெரிந்ததெல்லாம் அவரோடு போய்விடும். அதனால் ஒத்துக்கொண்ட விடயங்களை, கிளினிக் நாள், ஓய்வு நேரம், எந்த வேலை இவருடையது என்பதை, ஒரு பக்கத்தில் எழுதி முதலாளியின் கோப்பிலும் ஒரு பிரதி போட்டு வையுங்கள்.

சிணுங்கல், அடிக்கடி தலையிடி, ஞாயிறு பின்னேரம் சாப்பிடாமல் இருப்பது என்று வீட்டில் மாற்றம் தெரிந்தால் அன்றே வேலைத்தளத்துக்குப் போய்ப் பாருங்கள். கேலியோ தொந்தரவோ நடந்தால் அவர் வாயால் சொல்ல நாளெடுக்கும், பெண்பிள்ளைகள் சொல்லாமலே விடுவதும் உண்டு. அப்படியென்றால் வேலையைக் காப்பாற்றப் பார்க்காமல் அவரை முதலில் அங்கிருந்து எடுங்கள்.

வேறு காரணத்துக்காக வேலை முறிந்தால், ஏன் என்று அவரிடமும் முதலாளியிடமும் தனித்தனியே கேட்டு எழுதி வையுங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போகாவிட்டால், அடுத்த இடத்தில் எதை மாற்ற வேண்டும் என்பது அந்த வித்தியாசத்தில்தான் கிடைக்கும். வெளியேறும்போது சேவைக்காலத்தைக் குறித்த கடிதமும், சேமலாப நிதி அங்கத்துவ இலக்கமும் வாங்காமல் வரவேண்டாம்.